போட்டோ வைக்காத விளக்குப் பெட்டி

கிரேக்க நாட்டுக் கார்டிட்சாவில் சைக்கிள் ஓட்டாதவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மேடு பள்ளமே இல்லாத ஊர். பாதிரியார் அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு ஓட்டுவார். எண்பது வயதுக் கிழவிகள் கைப்பிடியில் வெங்காயத்தாள் கட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு ஓட்டுவார்கள். ஓட்டாதவர்களை எண்ண ஆரம்பித்தால் முதல் விரல் எவாந்தியாவுக்குத்தான். வீட்டுச் சந்துக்குள் ஓட்டுவாள். சந்து முடிந்து பெரிய சாலை ஆரம்பிக்கிற இடத்தில் இறங்கிவிடுவாள். ஏன் என்று கேட்டால், "சைக்கிளை நம்புறேன். பின்னாடி வர்றவனைத்தான் நம்பல" என்பாள்.

ஐம்பத்திரண்டு வயதில் அவள் நம்பிய ஆட்கள் மொத்தம் ஒன்றரைப் பேர். புருஷன் அப்போஸ்தோலிஸ் அரை ஆள். செத்துப்போன அவளுடைய அம்மா முழு ஆள். இதற்கு அவளைக் குறை சொல்ல முடியாது. அவள் பார்த்த வேலை அப்படி. பத்தொன்பது வருஷமாகப் பருத்தி ஆலையில் ஈரம் பார்க்கிறவள். அறுவடைக் காலத்தில் டிராக்டர்கள் பருத்தி வண்டிகளை இழுத்துக்கொண்டு வந்து வரிசையில் நிற்கும். எவாந்தியா ஏணியில் ஏறி, வண்டிக்குள் தோள்வரைக்கும் கையை விட்டு, அடிவயிற்றிலிருந்து ஒரு பிடி பஞ்சை உருவுவாள். கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள். விதையைப் பல்லால் கடிப்பாள். ஈரம் அளக்கும் கருவி ஒன்று ஆலையில் உண்டு; அதையும் அவள் நம்புவதில்லை. எடை கூடட்டும் என்று முந்தின நாள் தண்ணீர் தெளித்துக் கொண்டுவருகிறவர்கள் இந்தச் சமவெளியில் கொஞ்ச நஞ்சம் பேர் இல்லை.

"மேல பஞ்சு, நடுவுல குளம். ரெண்டாம் தரம். அடுத்தது!" என்று அவள் ஏணியிலிருந்து கத்தினால் அதற்கு மேல் பேச்சில்லை. கெஞ்சினாலும் சபித்தாலும் ஒன்றுதான்.

ஆக, ஆலைக்குப் போகிற ஆறு கிலோமீட்டர்ச் சாலையில் வருகிற ஒவ்வொரு டிராக்டரிலும் அவளால் வயிறெரிந்த ஒருவன் உட்கார்ந்திருப்பான். மற்றவர்கள் போக்குவரத்துக்குப் பயப்படுவார்கள். எவாந்தியா ஆள் ஆளாகப் பேர் சொல்லிப் பயப்பட்டாள். அந்தப் பட்டியலில் முதல் பேர் ஸ்டெர்யோஸ். போன வருஷம் அவனுடைய இரண்டு வண்டியையும் அவள் ரெண்டாம் தரத்தில் தள்ளியபோது, "இருக்கட்டும்மா, ரோட்டுல பார்த்துக்கலாம்" என்று எல்லார் எதிரிலும் சொன்னவன்.

இத்தனை வருஷமும் அப்போஸ்தோலிஸ்தான் அவளை மொபெட்டில் கொண்டுபோய் விட்டுவந்தான். இந்த அக்டோபரில், அறுவடை தொடங்கிய வாரம், கோழிக்கூட்டுக் கூரையிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டான். ஆலை மேலாளர் போனிலேயே சொல்லிவிட்டார்:

"எவாந்தியாம்மா, எனக்கு உங்க மேல மரியாதை உண்டு. ஆனா திங்கக்கிழமை ஏழு மணிக்கு ஏணியில ஆள் இருக்கணும். இல்லேன்னா என் மச்சினனை ஏத்திடுவேன்."

மச்சினனுக்குப் பஞ்சுக்கும் பாலாடைக்கட்டிக்கும் வித்தியாசம் தெரியாது. ஒருதடவை ஏறினான் என்றால் இறங்கவும் மாட்டான்.

நாத்தனாரின் பச்சை சைக்கிள் வந்தது. எவாந்தியா அதில் இடமும் வலமுமாக இரண்டு கண்ணாடி மாட்டினாள். போதாதென்று புருஷனின் சவரக் கண்ணாடியையும் நடுவில் கட்டினாள். கட்டுப்போட்ட காலை நாற்காலிமேல் நீட்டியபடி அப்போஸ்தோலிஸ் பால்கனியிலிருந்து பாடம் எடுத்தான்.

"முன்னாடி பாரு எவாந்தியா! முன்னாடி!"

"முன்னாடி போறவன் என்னை என்னய்யா பண்ணப்போறான்? பின்னாடி வர்றவனைல்ல பார்க்கணும்!"

"மூணு கண்ணாடி வெச்சுக்கிட்டு சலூனா நடத்தப்போற?"

திங்கட்கிழமை காலை, கண்ணேறு படாமலிருக்க மூன்று தடவை துப்பிக்கொண்டு கிளம்பினாள். சாலையோரம் முழுக்க வண்டிகளிலிருந்து பறந்த பஞ்சு புல்லில் ஒட்டி வெள்ளையாகக் கிடந்தது. பின்னால் எஞ்சின் சத்தம் நெருங்கும்போதெல்லாம் அவள் ஒரு காரியம் செய்தாள். இதை அவள் புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். சத்தம் தாண்டிப் போனதும் திறந்தாள். மூன்று கண்ணாடியும் சும்மா தொங்கின.

கால்வாய் திரும்புகிற இடத்தில் நெருங்கியது பெரிய சத்தம். மூடினாள். பிரேக் கிறீச்சிட்டது, ஹார்ன் அலறியது, யாரோ மாதாவைக் கூப்பிட்டுக் கத்தினார்கள். திறந்து பார்த்தால் தலைமேல் பஞ்சு மழை. முன்னால் சிவப்பு வண்டிகள் இரண்டு ஆடி ஆடி நேராகி ஓடின. ஸ்டெர்யோஸின் வண்டிகள்.

ஏழு மணிக்கு ஏணியில் நின்றாள். தலையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டாள். ஸ்டெர்யோஸின் முறை வந்தது. அவன் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது, வாயே திறக்கவில்லை. நெஞ்சு குறுகுறுக்கிறவன்தான் இப்படி நிற்பான் என்று எவாந்தியா முடிவு கட்டினாள். குறி தப்பிவிட்டது, அதனால் வாயடைத்து நிற்கிறான்.

அடுத்த திங்கட்கிழமை அந்தத் திருப்பத்தில் ஒரு பெட்டி முளைத்திருந்தது. நாலடி இரும்புக் கம்பத்தின்மேல் சின்னக் கோயில் மாதிரி தகரப் பெட்டி, கண்ணாடிக் கதவு, உள்ளே புனித செராஃபிமின் படம், எரிகிற எண்ணெய் விளக்கு. சாலையில் யாராவது செத்தால் வீட்டார் அந்த இடத்தில் நடுகிற பெட்டி. உள்ளே செத்தவரின் போட்டோ இருக்கும். இதில் போட்டோ இல்லை. புனிதருக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் காலி இடம் இருந்தது.

எவாந்தியா இறங்கி நின்று, மூன்றுமுறை சிலுவை போட்டுக்கொண்டு, எட்டி எட்டிப் பார்த்தாள். யார் செத்தார்கள்? அந்த வாரம் ஊரில் சாவே இல்லை. சாவு நோட்டீஸ் ஒட்டுகிற கம்பங்களை அவள் ஒன்று விடாமல் படிக்கிறவள். பட்டறைக்காரன் தியோஃபானிஸிடம் போய் மெல்லக் கிண்டினாள்.

"அந்தத் திருப்பத்துப் பெட்டி உன் கைவேலைதானே? யாருக்குடா?"

"ஸ்டெர்யோஸ் கேட்டான், செஞ்சு குடுத்தேன். யாருக்குன்னு கேட்டா முறைக்கிறான். எனக்கெதுக்குக்கா ஊர் வம்பு?"

அன்று மத்தியானம் பீன்ஸ் சூப்பைக் கிண்டிக்கொண்டே அவள் புருஷனிடம் விஷயத்தை அவிழ்த்தாள்.

"அவன் வீட்டுல எல்லாரும் குத்துக்கல்லாட்டம் இருக்காங்க. யாரும் சாகல. பெட்டி மட்டும் ரெடி. உள்ள ஒரு போட்டோவுக்கு இடம் விட்டிருக்கான். யார் போட்டோய்யா அது?"

அப்போஸ்தோலிஸ் கரண்டியைக் கீழே வைத்தான்.

"உன் போட்டோன்றியா?"

"வேற யாரு?"

"அடிப் பைத்தியக்காரி. கொல்லப்போறவன் முன்கூட்டியே விளக்கேத்தி வெப்பானா?"

"ஸ்டெர்யோஸ் கணக்கானவன். ரெண்டு வேலையை ஒரே நடையில முடிப்பான்."

அன்று சாயங்காலம் பர்ஸில் இருந்த தன் பாஸ்போர்ட் அளவுப் போட்டோக்களை எடுத்து அடுப்பில் போட்டாள். தன் முகத்தை அவனுக்குத் தயாராக வைத்திருப்பானேன்?

பயம் அவளை வீட்டில் உட்கார வைத்திருக்க வேண்டும். ஆனால் சந்தேகம் அவளிடம் பயத்தைவிடப் பழைய குடித்தனக்காரன். கண்ணை மூடிக்கொண்டு செத்தால் யார் இடித்தது என்று யாருக்குத் தெரியும்? பார்த்துவிட்டாவது சாக வேண்டும் என்று தீர்மானித்தாள். மறுநாளிலிருந்து கண்ணைத் திறந்தே வைத்தாள்.

திறந்து பார்த்தால் சாலை வேறு மாதிரி இருந்தது. லாரிக்காரன் தாண்டுவதற்கு முன்னால் ஒரு நொடி வேகம் குறைப்பான் என்று தெரிந்தது. தாண்டிய பிறகு காற்று முதலில் இழுக்கும், அப்புறம் தள்ளும். அதற்கு முழங்கையைத் தளர்த்தினால் போதும். வெள்ளைக் கோட்டிலிருந்து ஒரு முழம் உள்ளே ஓட்டினால் எல்லாரும் சுற்றிக்கொண்டு போகிறார்கள். ஓரத்தில் ஒட்டிக்கொண்டு போனால்தான் இடித்துக்கொண்டு போகிறார்கள். பத்து நாளில் சவரக் கண்ணாடியைப் புருஷனிடமே திருப்பிக் கொடுத்தாள். யாரையும் நம்பித் தைரியம் வரவில்லை அவளுக்கு. எல்லாரையும் கண்காணித்து வந்தது.

ஒருவன் மட்டும் பிடிபடவில்லை. தினமும் ஊர் எல்லையில் அந்தச் சிவப்பு டிராக்டர் பின்னால் வந்து ஒட்டிக்கொள்ளும். தாண்டாது. அவள் மெதுவாகப் போனால் அதுவும் மெதுவாக. அவள் நின்றால் அதுவும் நிற்கும். பின்னால் வருகிற கார்களெல்லாம் ஹார்ன் அடித்து ஸ்டெர்யோஸைக் கெட்ட வார்த்தையில் திட்டும். அவன் அசையமாட்டான். திருப்பம் வரட்டும் என்று காத்திருக்கிறான் என்று எவாந்தியாவுக்குத் தெரியாதா என்ன?

திருப்பத்தில் அவளுக்கு வேறொரு கஷ்டம் இருந்தது. கோயிலோ விளக்குப் பெட்டியோ வந்தால் அவள் கை தானாக நெற்றிக்குப் போகும், பிறந்ததிலிருந்து அப்படி. ஒற்றைக் கையில் ஓட்டவோ வராது. அதனால் தினமும் இறங்கி, சிலுவை போட்டு, மறுபடி ஏறுவாள். ஆனால் முதுகுக்குப் பின்னால் அவனை வைத்துக்கொண்டு இறங்கி நிற்பது ஆட்டுக்குட்டி கழுத்தை நீட்டுகிற மாதிரி இருந்தது. ஒரு வியாழக்கிழமை, இன்றைக்கு இறங்குவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். பெட்டி வந்தது. மனசு வேண்டாம் என்றது, கை கேட்கவில்லை. நெற்றி, வயிறு, வலது தோள் வரைக்கும் போனது. இடது தோளுக்கு வருவதற்குள் முன்சக்கரம் திரும்பி, சாலை நடுவில் தொபுக்கென்று விழுந்தாள்.

பிரேக் கிறீச்சிட்டது. இந்தத் தடவை அவள் கண்ணை மூடவில்லை. சிவப்பு டிராக்டர் வெகுதூரம் பின்னாலேயே நின்றுவிட்டதைப் பார்த்தாள். ஸ்டெர்யோஸ் குதித்து ஓடி வந்தான்.

"கையை எடுக்காதேக்கா! ரெண்டு கையையும் கைப்பிடியிலேயே வெச்சுத் தொலையேன்! தினம் தினம் என் உசுரு போகுது!"

"உன் உசுரா?" எவாந்தியா தரையிலிருந்தே கத்தினாள். "பெட்டி கட்டி, விளக்கேத்தி, என் போட்டோவுக்கு இடம் விட்டு வெச்சிருக்க! உன் உசுரா போகுது?"

அவன் வாயைப் பிளந்தான். அப்புறம் சாலையோரத்துப் புல்லில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டான்.

"உனக்குத்தான்க்கா வெச்சேன். ஆனா செத்ததுக்கு இல்ல. தப்பிச்சதுக்கு. அன்னிக்கு, மொத நாளு, நீ திடீர்னு நடு ரோட்டுக்கு வந்துட்ட. நான் ஒடிச்சுத் திருப்பினேன். பின் வண்டி ஒரு பக்கமாத் தூக்கிடுச்சு. உன் தோளுக்கும் சக்கரத்துக்கும் நடுவுல இவ்வளவுதான் இருந்துச்சு." கையை விரித்துக் காட்டினான். "இந்த அம்மா பொழைச்சா இங்க விளக்கு வெக்கிறேன்னு புனிதர்கிட்ட வேண்டிக்கிட்டேன். அன்னிலேருந்து உன்னைத் தாண்டிப் போக எனக்குப் பயமா இருக்கு."

எவாந்தியா பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். அன்று கண்ணை மூடியிருந்தது அவள். நடு ரோட்டுக்குப் போனதும் அவள். இத்தனை நாளும் அவள் சிலுவை போட்டது தன்னுடைய பெட்டிக்கு.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நம்பியிருப்பியா? ஈரப் பருத்திக்காக ஐஸ் வெக்கிறான்னு நெனச்சிருப்ப."

நெனச்சிருப்பாள்தான். அதை அவள் மறுக்கவில்லை. வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. பாவாடையைத் தட்டிக்கொண்டு எழுந்து, முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கி, வளைந்த கைப்பிடியை நேராக்கிக்கொண்டு, மீதித் தூரத்தை ஓட்டியே போனாள்.

ஏழு மணிக்கு ஏணியில் ஏறினாள். மூன்றாவதாக ஸ்டெர்யோஸின் வண்டி. சிராய்த்த கையைத் தோள்வரைக்கும் உள்ளே விட்டாள். ஒரு பிடி உருவினாள். கன்னத்தில் வைத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள்.

"ரெண்டாம் தரம்" என்றாள்.

"அக்கா! காலையிலதான் உனக்காக..."

"உசுரு வேற, ஈரம் வேற. நடுவுல குளம் வெட்டி வெச்சிருக்க. அடுத்தது!"

ஸ்டெர்யோஸ் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தான். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் வண்டியை விருட்டென்று கிளப்பிக்கொண்டு போன விதம் எவாந்தியாவுக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் காலை சந்து முனையில் அவள் ஒரு நிமிஷம் நின்றாள். நேற்றுக் காப்பாற்றியவன் வேறு, நேற்றுத் தரம் இறங்கியவன் வேறு. இன்றைக்கு வரப்போகிறவன் எவன்? யோசித்தபடியே ஏறி உட்கார்ந்தாள். ஊர் எல்லையில் பின்னால் அந்தச் சத்தம் வந்து சேர்ந்தது. கோட்டிலிருந்து ஒரு முழம் உள்ளே, ஒரே நேராக ஓட்டினாள். திருப்பம் வந்தது. பெட்டியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கை எழப் பார்த்தது. கைப்பிடியை இறுக்கிப் பிடித்து, கட்டைவிரலால் மணியை மூன்றுமுறை அடித்தாள். புனிதருக்கு அது புரியும் என்று வைத்துக்கொண்டாள்.

பின்னால் எஞ்சின் உறுமியது. சத்தம் பக்கத்தில் வந்தது. எவாந்தியா கண்ணைத் திறந்தே வைத்திருந்தாள். சிவப்பு டிராக்டர் எதிர்ப்பக்கச் சக்கரம் மண்ணில் இறங்குமளவுக்கு ஒதுங்கி, ஒரு கல்யாண ஊர்வலமே நடுவில் போகலாம் என்கிற அளவுக்கு இடம் விட்டு, அவளைத் தாண்டியது. தாண்டி முடித்ததும் ஸ்டெர்யோஸ் பெரிதாக மூச்சு விட்டான், பெட்டியைத் திரும்பிப் பார்த்தான், ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துச் சிலுவை போட ஆரம்பித்தான். டிராக்டர் கால்வாய்ப் பக்கம் சாய்ந்தது.

"கையை எடுக்காதேடா, பாவி!" என்று எவாந்தியா தொண்டை கிழியக் கத்தினாள். "ரெண்டு கையையும் வெச்சு ஓட்டு!"