நல்லதெல்லாம் சந்தைக்கு

அந்த மனிதருக்கு ஊர் வைத்த பெயர் கண்ணாடி. மூக்கின் மேல் கண்ணாடி ஏதும் கிடையாது. அவர் தோட்டத்துக் கத்தரிக்காயில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம் என்று காய்கறி மண்டியில் ஒருவர் சொல்லப்போக, அதுவே ஒட்டிக்கொண்டது. அந்தப் பெயரில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஆனால் ஆள் சரியான பயந்தாங்கொள்ளி. பாம்பு குறுக்கே போனால்கூட அசராமல் நின்று வழிவிட்டுவிட்டு வேலையைப் பார்ப்பார். ஆனால் கத்தரிச் செடியில் ஒரு கொழுந்து வாடித் தலை தொங்கினால் போதும், பூச்சிமருந்தைத் தேடி ஓடுவார். உள்ளே புழு புகுந்துவிட்டது என்று அர்த்தம். விவசாயத்துக்கு வந்த இரண்டாம் வருடம், விரல்நகம் நீளமே இருக்கும் அந்தப் புழு தோட்டம் முழுவதையும் துளைத்துப் போட்டது. மண்டிக்குப் போன பெட்டிகள் அப்படியே திரும்பி வந்தன. அவற்றை இறக்கிப் பள்ளத்தில் கொட்டியபோது நாலு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அன்றைக்கு முதுகில் ஏறிய மருந்து டேங்க் இருபது வருடமாக இறங்கவில்லை.

நாலு நாளைக்கு ஒரு பறிப்பு. பறிப்புக்கு முந்தின சாயங்காலம் ஒரு தெளிப்பு. அடித்துவிட்டுப் பறித்தால் காயில் ஒரு மினுமினுப்பு வரும், புழுவும் தலைகாட்டாது. தெளித்து இத்தனை நாள் கழித்துத்தான் பறிக்க வேண்டும் என்று புட்டியில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. ஒருமுறை விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். படித்துவிட்டுப் புட்டியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டார்.

சமையலறைக்குப் பின்னால், வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், நாலு வரிசைக் கத்தரி தனியாக நின்றது. அது வீட்டுப் பாத்தி. அங்கே அவர் டேங்க்கைக் கொண்டுபோனதே இல்லை. அது அவர் மனைவியின் ராஜ்யம். காலையில் எழுந்ததும் வாடிய கொழுந்தையெல்லாம் கிள்ளி அடுப்பில் போடுவாள். மக்கிய சாணம் வைப்பாள். வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்த தண்ணீரைத் தெளிப்பாள். பத்துக் காயில் இரண்டு சொத்தை விழும். புழு தின்ற இடத்தை அரிந்து எறிந்துவிட்டு மிச்சத்தைச் சமைப்பாள்.

ஆக, அவருக்கு எல்லாம் தெரியும். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் விளைவது வாயில் வைக்கத் தக்கதல்ல என்று தெரியும். இந்தப் பக்கம் மருந்தில்லாமலே கத்தரி காய்க்கிறது என்றும் தெரியும். கண்ணெதிரே இருபது வருடம் காய்த்துத் தொங்கியதைப் பார்க்காதவர் போல நடந்துகொண்டதற்கு நீங்களே ஒரு பெயர் வைத்துக்கொள்ளுங்கள். அவரைக் கேட்டால், அது சந்தைக்குப் போகிறது என்பார். சந்தைக்கு வாயும் வயிறும் உண்டு என்று அவர் யோசித்ததே இல்லை.

ஒரே மகள். நகரத்தில் ஒரு மாடி வீட்டின் கீழ்ப்பகுதியில் கணவனோடு குடியிருந்தாள். ஏழாம் மாதம். ஸ்கேன் எடுத்ததில் குழந்தை எடை கொஞ்சம் குறைவு என்கிறார்கள் என்று போனில் சொன்னாள். பயப்பட ஒன்றுமில்லை என்றும் சேர்த்துச் சொன்னாள். பயப்படாதே என்றால் கேட்கிற ஆளா அவர்? மறுநாளே மனைவி கட்டிக்கொடுத்த பையோடு பஸ் ஏறிவிட்டார்.

"வாங்கப்பா. என்ன, முகமெல்லாம் இப்படி வாடியிருக்கு?"

"பஸ்ல வெயில். நீ எப்படி இருக்கே? ஒழுங்கா சாப்பிடுறியா?"

"அதுக்கென்ன குறைச்சல்?" என்று சிரித்தபடி மகள் பையைப் பிரித்தாள். வீட்டுப் பாத்திக் காய். ஒன்றை எடுத்துத் திருப்பினாள். பக்கத்தில் ஒரு துளை. "அம்மா இன்னமும் சொத்தையைத்தான் குடுத்து விடுறாங்களா? இங்க வந்து பாருங்க, நான் என்ன காய் சாப்பிடுறேன்னு."

சமையல் மேடையில் ஒரு தட்டு நிறையக் கத்தரிக்காய் பளபளவென்று இருந்தது. காம்பை இரண்டு விரல் நீளத்துக்கு விட்டுச் சாய்வாக நறுக்கியிருந்தது. அந்த மண்டிக்குக் காய் அனுப்புகிறவர்களில் அப்படி நறுக்குகிறவர் அவர் ஒருவர்தான். தன் கைவேலை தனக்குத் தெரியாதா?

"தெரு முனையில ஒரு தள்ளுவண்டிக்காரர் நிப்பார். பெட்டியில நீங்க அடையாளத்துக்குப் போடுற நீலக் கோடு இருந்ததைப் பார்த்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. எங்கப்பா காய்னு அவர்கிட்ட பீத்திக்கிட்டேன். மாடியில ஒரு அக்கா இருக்காங்க. அவங்களுக்கும் எனக்கும் ஒரே மாசம்தான். அவங்களையும் வாங்க வெச்சுட்டேன். அஞ்சு மாசமா ரெண்டு வீட்டிலயும் இந்தக் காய்தான்."

அவர் நாளைக் கணக்குப் போட்டார். முந்தாநாள் சாயங்காலம் அடித்தது. நேற்றுக் காலை பறித்தது. அது வண்டியேறி, தனக்கு முன்னாலேயே மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

"சின்ன வயசுல எனக்கு ஒரு ஆதங்கம் இருந்துச்சுப்பா," என்றாள் மகள், கத்தியை எடுத்தபடி. "நல்லதெல்லாம் சந்தைக்கு, சொத்தை நமக்குன்னு. நம்மகிட்ட வசதி இல்ல, அதான் போலன்னு நெனச்சுப்பேன். கேட்டா வருத்தப்படுவீங்கன்னு கேக்கலை. இப்பதான் உங்க நல்ல காயை நான் சாப்பிடுறேன்."

அவர் கையை நீட்டிக் கத்தியைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம்மா. அதை வெட்டாதே."

"ஏன்?"

"மருந்து அடிச்சது."

"எல்லாரும் அடிக்கிறதுதானே? உப்புத் தண்ணியில நல்லா கழுவிட்டுத்தான்..."

"கழுவினா போகாதும்மா. அது உள்ள இறங்குற மருந்து. முந்தாநாள்தான் அடிச்சேன்."

மகள் தட்டைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள். சின்ன வயதில் தனக்குச் சொத்தைக் காய் ஏன் வந்தது என்பது அந்த நிமிடம் அவளுக்கு விளங்கியது. கை தானாக வயிற்றின் மேல் போனது.

"அப்ப உங்களுக்குத் தெரியும்."

அவர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"மாடி அக்காகிட்ட நான் என்னப்பா சொல்றது?"

அவர் தட்டிலிருந்த காய்களை ஒவ்வொன்றாகக் குப்பைக்கூடையில் போட்டார்.

மறுநாள் மகளோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னார். டாக்டரம்மா திட்டவில்லை. "எடை குறைஞ்சது இதனாலதான்னு என்னால சொல்ல முடியாது. இதனால இல்லைன்னும் சொல்ல முடியாது. இனிமே சாப்பிட வேண்டாம்," என்றார். திட்டியிருந்தால் தேவலை. பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை 'இதனால இல்லைன்னும் சொல்ல முடியாது' என்ற அந்தப் பேச்சு காதை விட்டுப் போகவில்லை.

வீட்டில் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பின்கட்டுக்குப் போய் வீட்டுப் பாத்தியைப் பார்த்து நின்றாள்.

"நானும்தானே பார்த்துக்கிட்டு இருந்தேன்," என்றாள் பிறகு. "இருபது வருஷமா நம்ம பாத்தியில காய் காய்க்கலையா?"

"நாலு வரிசைக்கு ஆகும். தோட்டம் மொத்தத்துக்கும் ஆகுமா? புழு விழுந்தா..."

"புழு தின்னா காய் போகும். அவ்வளவுதானே?"

டேங்க் முதுகிலிருந்து இறங்கியது. வாடிய கொழுந்தைக் கிள்ள நாலு கை போதவில்லை. முதல் பருவத்தில் பாதிக்குப் பாதி சொத்தை. "என்ன கண்ணாடி, ரசம் போயிடுச்சா?" என்று மண்டிக்காரர் சிரித்தார், பெட்டிகளைத் திருப்பி அனுப்பினார். மறுபடி பள்ளம், மறுபடி வேடிக்கை. பயம் போகவில்லை, ஆனால் அவர் டேங்க்கைத் தொடவில்லை. அடுத்த பருவத்தில் சொத்தை குறைந்தது. செடிக்குச் செடி சிலந்தி வலை கட்டியது, குளவிகள் வந்து புழுவைத் தூக்கிப் போயின. மண்வெட்டி போட்ட இடத்திலெல்லாம் மண்புழு நெளிந்தது. இத்தனை கூலியாட்களைத்தான் இருபது வருடமாக மருந்தடித்து விரட்டியிருக்கிறோம் என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது.

தோட்டம் பிழைத்துக்கொண்டது. அவர் பயம் மட்டும் இடம் மாறி உட்கார்ந்துகொண்டது. பேரன் பிறந்தான், பொடியனாக. கை விரல், கால் விரல் எல்லாவற்றையும் இரண்டு தடவை எண்ணினார். குறையில்லை. அதோடு விட்டாரா? மருந்து பிள்ளையின் காதைக் கெடுத்திருக்குமோ என்று பயம்; காது சரியாக இருந்தால் பின்னால் சத்தம் கேட்டதும் பிள்ளை திரும்ப வேண்டும் என்று எங்கோ கேட்டு வைத்துக்கொண்டார். மகள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் குழந்தைக்குப் பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குவார். பேரன் வெடுக்கென்று திரும்புவான். அவர் மூச்சு விடுவார். அடுத்த முறை போனால் மறுபடியும் குலுக்குவார்.

"திரும்பிட்டான்பா," என்றாள் மகள், பிள்ளைக்கு எட்டு மாதமானபோது ஒருநாள். "இன்னும் எத்தனை தடவைதான் பாப்பீங்க?"

அவர் சாவியைச் சட்டைப்பையில் போட்டபோது மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. மேல்வீட்டுப் பெண் இடுப்பில் தன் பிள்ளையோடு வந்தாள்.

"இவங்கதான் உங்கப்பாவா? உங்க காயை மறக்கவே முடியாதுங்க. மாசமா இருந்தப்ப வேற எதுவும் எனக்கு ஒத்துக்கலை, அது ஒண்ணுதான் இறங்குச்சு. இப்ப ஏன் வண்டியில வர்றதே இல்ல?"

மகள் தலை நிமிரவில்லை. மருந்து விஷயத்தை இன்னும் அவள் மேல்வீட்டில் சொல்லவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

மேல்வீட்டுப் பெண் பிள்ளையைத் தரையில் இறக்கி விட்டாள். அது ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து, கையிலிருந்த மரக்கரண்டியைக் கடித்தது. வேண்டாம், வேண்டாம் என்று நினைத்துக்கொண்டேதான் அவர் அதன் பின்னால் போய் நின்றார். சாவிக்கொத்தை எடுத்துக் குலுக்கினார்.

பிள்ளை கரண்டியைக் கடித்துக்கொண்டிருந்தது.

இன்னும் கொஞ்சம் பலமாகக் குலுக்கினார்.

"இவன் அப்படித்தாங்க," என்று தாய் சிரித்தாள். "கூப்பிட்டாலும் சட்டுனு திரும்ப மாட்டான். ரொம்ப நிதானம்."

மகள் சிரிக்கவில்லை. அவர் மண்டியிட்டு, பிள்ளையின் காதுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய், மூன்றாம் முறையாகச் சாவியைக் குலுக்கினார்.