அலமாரித் திரைக்கு முன்னால்

லிஃப்ட் மெக்கானிக்குக்குக் குடியிருப்பில் 'ரேடியோ' என்று பட்டப்பெயர். முகத்துக்கு நேரே கூப்பிட்டாலும் கோபம் வராது. மனிதருக்கு அதில் பெருமைதான்.

வீட்டிலேயே பாடிப் பதிவு செய்வது அவர் பைத்தியம். இருப்பது ஒன்றரை அறை, மலிவு மைக், பழைய கம்ப்யூட்டர். ஆனால் ஒரு யுக்தி வைத்திருந்தார். படுக்கையறையில் கதவு கழன்ற அலமாரி ஒன்று உண்டு. மெல்லிய திரை, பின்னால் நெருக்கமாக மனைவியின் துணிகள். அதைப் பார்த்துப் பாடினால் எதிரொலி அடங்கிவிடும்.

மற்றதை அடக்க மனைவி இருந்தாள். ஃபேன் ஓடக் கூடாது, குக்கர் கத்தக் கூடாது, அவள் இருமக் கூடாது. வேர்த்து விறுவிறுத்து வெளியே மாடிப்படியில் உட்கார்ந்திருப்பாள், பாவம்.

"இப்படியே போனா ஒருநாள் நான் கிளம்பிடுவேன், பாத்துக்குங்க."

"கிளம்பறப்போ கதவ மெதுவா சாத்தும்மா, ரெக்கார்டிங் ஓடும்." தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டார்.

அந்த ஞாயிறு காலை, எங்கோ நின்றுபோன லிஃப்டை ஓடவைத்துவிட்டு வந்து பாட உட்கார்ந்தார். குரல் குளியலறையில் பாடுவதுபோல் கணகணவென்றது. மைக்கைத் தட்டினார், ஒயரை மாற்றினார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர் கம்ப்யூட்டரைத் திட்டினார்.

மறுபடி பாடும்போது மனைவி வாசற்படியில் வந்து நின்றாள். இவர் காதை ஹெட்ஃபோன் இசை அடைத்திருந்தது. அவள் உதடு அசைவது மட்டும் தெரிந்தது. 'இரு' என்று உள்ளங்கையைக் காட்டினார். சரணத்தை முடித்துத் திரும்பினால் ஆளைக் காணோம். மாடிப்படிக்குப் போயிருப்பாள்.

"நடுவுல பேசிக் கெடுத்துட்டாளே!" கேட்டுக்கூடப் பார்க்காமல் அந்தப் பதிவை அடியோடு அழித்தார்.

திரும்பப் பாடினார். அதே கணகண. துணி ஏதாவது சரிந்திருக்குமோ என்று அலமாரித் திரையை விலக்கினார்.

வெறும் ஹேங்கர்கள். அவளுடைய கைக்குட்டைகூட இல்லை.

மாடிப்படிக்கு ஓடினார். யாருமில்லை. அவள் போன் அணைந்திருந்தது. கம்ப்யூட்டரிடம் வந்து, அழித்ததைத் தேடித் தேடிப் பார்த்தார். என்ன சொன்னாள்? திட்டினாளா? 'போகாதே' என்று ஒரு வார்த்தை சொல்லச் சொல்லிக் கேட்டாளா?

வாசல் கதவு சாத்தியிருந்தது. மெதுவாகத்தான் சாத்தியிருக்கிறாள்.