மாஹிம் கல்லறைத் தோட்டத்து ஞாயிறுகள்

அறுபதுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகி நான் பம்பாய்க்கு வந்தபோது, மாட்டுங்கா லேபர் கேம்பில் எங்கள் வீடு ஒரே அறைதான். மாமனார், மாமியார், இரண்டு கொழுந்தன்மார், நாத்தனார், அப்புறம் நாங்கள். ஒரு சேலையைக் குறுக்கே கட்டி எங்களுக்கு ஒரு மூலை ஒதுக்கியிருந்தார்கள். முதல் இரண்டு வாரத்தில் நான் என் கணவரிடம் பேசியது பத்து வார்த்தை இருக்காது.

மூன்றாவது ஞாயிறு ஆராதனை முடிந்து வேதக்கோயிலை விட்டு வெளியே வந்ததும், "மாஹிம் வரைக்கும் நடப்போமா?" என்றார். ரயில்பாதையைக் கடந்து, கடலோரம் வரை கூட்டிப்போனார். அங்கே ஒரு பழைய கல்லறைத் தோட்டத்தின் கதவைத் தள்ளினார்.

"கல்லறைக்கா கூப்பிடுதிய?" என்று நின்றுவிட்டேன்.

"வேற எங்க போவ? பார்க்குல உக்காந்தா நம்ம ஆளுவ நாலு பேரு பாப்பாவ. இங்க யாரும் வரமாட்டாவ."

உள்ளே சிலுவைகள் சாய்ந்து நின்றன. உப்புக்காற்று கல்லில் இருந்த எழுத்தையெல்லாம் அரித்திருந்தது. பின்சுவர் இடிந்த இடத்தில் கடல் தெரிந்தது. நாங்கள் உட்காரப் போகையில் வயதான காவல்காரர் வந்து, "கிஸ்கா கபர்?" என்றார். யாருடைய கல்லறை என்று கேட்கிறார் என்பதே எனக்குப் புரியவில்லை. இவர் சட்டென்று பக்கத்துக் கல்லைக் காட்டி, "சாச்சா" என்றார், சித்தப்பாவாம்.

கோயிலிலிருந்து வந்த கையோடு பொய். எனக்கு மனம் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு சாமந்திப்பூ வாங்கிப்போய் அந்தக் கல்லில் வைத்து, சுற்றி முளைத்த புல்லைப் பிடுங்கினேன்.

"சித்தப்பாவ நல்லாத்தான் கவனிக்க" என்று இவர் சிரித்தார். அவர் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

தாராவியில் தோல் பட்டறையில் அவருக்கு வேலை. எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் அந்த வாடை போகாது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, வாடை என் மேல் வராதபடி தள்ளி உட்காருவார். நான்தான் நகர்ந்து பக்கத்தில் போவேன். ஒருநாள் கடலைப் பார்த்துக்கொண்டே, "சின்னதுல எனக்குத் திக்கும். பள்ளிக்கூடத்துல வாயே தொறக்கமாட்டேன்" என்றார். இதை அவர் வீட்டில் யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. எங்கம்மாவிடமிருந்து கடிதம் வராத மாதங்களில் நான் அங்கே உட்கார்ந்துதான் அழுதேன். அவர் தேற்றவில்லை, எழுந்து போகாமல் கூடவே இருந்தார்.

மூன்று வருடம் கழித்து, முதல் பிள்ளை பிறந்தபின், அவருக்கு டிராம்பேயில் ஓர் ஆலையில் வேலை கிடைத்தது. செம்பூரில் தனி ரூம். கதவைச் சாத்தினால் நாங்களும் குழந்தையும் மட்டும். இதற்குத்தானே ஏங்கினோம் என்று நினைத்தேன். ஆனால் ஷிப்ட் முடிந்து வந்தால் சாப்பிட்டுப் படுத்துவிடுவார். ரேஷன், மண்ணெண்ணெய், பிள்ளைக்குக் காய்ச்சல் என்பதற்கு மேல் பேச்சு போகாது. சண்டை ஒன்றும் இல்லை. நல்ல மனிதர்தான். ஒரே வீட்டில் இருக்கிறவரை நினைத்து ஏங்குகிறேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

ஒரு ஞாயிறு அவர் வேலைக்குப் போனபின், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி மாஹிம் போனேன். காவல்காரர் அடையாளம் கண்டுகொண்டார். "ஆத்மி கிதர்?" என்று இவரை எங்கே என விசாரித்தார். "ட்யூட்டி" என்றேன். பிள்ளை புல்லில் தவழ்ந்தது. வெயில் ஏறும்வரை கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் அவருக்குச் சோறு போடும்போது சொன்னேன்.

"தனியாவா போன?"

"ஆமா."

"சுவரு கட்டிட்டாவளா?"

"இல்ல. கடல் அப்படியேதான் தெரியுது."

சோற்றைப் பிசைந்துகொண்டே, "எனக்கும் ஞாவகம் வரும். மெஷினு பக்கத்துல நிக்கும்போது வரும்" என்றார். பிறகு, "ஒருநாள் போவணும்" என்றார்.

அவர் மனதாரத்தான் சொன்னார். அடுத்த ஞாயிறும் ட்யூட்டி வந்தது. அதற்கடுத்த மாதம் இரண்டாவது பிள்ளை உண்டானது. சேர்ந்து போக அந்த வருடங்களில் எங்களுக்கு ஒரு ஞாயிறும் வாய்க்கவில்லை. ஆனால் அன்று அவர் அப்படிச் சொன்னபின், சாப்பாட்டுத் தட்டை எடுக்காமல் அவர் பக்கத்திலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.