ஒன்பதாங்கட்டை வால்வு

அந்தக் கூட்டத்தில் தனக்கு என்ன வேலை என்று உடையப்பனுக்கே முதலில் புரியவில்லை. தென்கிந்தா நீர் முகமையில் அவர் முப்பத்து நாலு வருஷமாக வேலை செய்கிறார். ஈப்போவில் இருக்கும் தலைமை அலுவலகத்துக்கு அதுவரை இரண்டே தடவைதான் போயிருந்தார். வேலை நிரந்தரமானபோது ஒரு தடவை. காலில் பைப்பு விழுந்து எலும்பு முறிந்தபோது, படிவத்தில் கையெழுத்துப் போட இன்னொரு தடவை. மற்றபடி அவர் பிழைப்பெல்லாம் சாலையோரத்தில்தான். குழி மூடியைத் தூக்கி, இடுப்புயர இரும்புச் சாவியை உள்ளே இறக்கி, வால்வைத் திருகுவார். எந்தத் தாமானுக்கு, எந்தக் குடியிருப்புக்கு எத்தனை சுற்று என்பது அவருக்குக் கைப்பழக்கம்.

அந்த வருஷம் முகமை பத்தாண்டுத் திட்டம் ஒன்று போட்டது. எந்தப் பைப்பை முதலில் மாற்றுவது, நீர்த்தேக்கத் தொட்டி எங்கே கட்டுவது, எந்த வட்டாரம் எத்தனை வருஷம் காத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் முடிவாகும். திட்டப் பிரிவின் தலைவியாக வந்திருந்த நஸ்ரியா, இதை இன்ஜினியர்கள் மட்டும் அறைக்குள் உட்கார்ந்து எழுதக் கூடாது என்று பிடிவாதமாக நின்றாள். நாலு கூட்டம். ஒவ்வொரு மேசையிலும் ஓர் அதிகாரி, களத்தில் வேலை செய்யும் ஓர் ஆள், தண்ணீர் பிடிக்கும் ஊர்க்காரர் ஒருவர். நாலாவது கூட்டத்தில் வரிசையை முடிவு செய்து வாரியத்துக்கு அனுப்பிவிட வேண்டும்.

உடையப்பன் மேசைக்கு வந்தவள் சாந்தினி. பத்து காஜா டவுன் பக்கம் ஒன்பதாங்கட்டைத் தோட்டத்திலிருந்து வந்திருந்தாள். தோட்டம் என்பது பேருக்குத்தான். ரப்பர்ப் பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டு, அதையும் விற்றுவிட்டார்கள். வரிசையாய்க் கட்டிய லயத்து வீடுகளில் எழுபது குடும்பம் மிச்சம். பழைய ஆயாக்கொட்டகையைச் சுத்தம் செய்து, பேக்டரிக்குப் போகிற தாய்மார்களின் பிள்ளைகள் இருபத்து மூன்று பேரைப் பகலில் பார்த்துக்கொள்கிறாள் சாந்தினி. ஊர் பேரைச் சொன்னதுமே உடையப்பன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். அவர் பிறந்தது அந்த லயத்தில்தான். பத்தொன்பது வயதில் தோட்டம் கைமாறியபோது குடும்பத்தோடு ஈப்போ புந்தோங்குக்கு வந்தவர். ஆனால் தள்ளி உட்கார்ந்தது அதற்காக இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வறட்சி. ஆற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது. குன்றின்மேல் புதிதாகக் கட்டிய தாமானில் தொள்ளாயிரம் வீடு. பகலில் அங்கே தண்ணீர் ஏறவில்லை. புகார்மேல் புகார். வட்டார இன்ஜினியர் ஷாஹ்ருல் போனில் கூப்பிட்டான். முப்பத்தைந்து வயசு, ஈப்போவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பையன், வீட்டில் தமிழ்தான்.

"ஒன்பதாங்கட்டை லைன காலைல பத்து மணிக்கு மூடிட்டு நாலு மணிக்குத் தொறந்துருங்கண்ணே. பகல்ல அங்க யாரு இருக்கா, எல்லாம் பேக்டரிக்குப் போயிருவாங்க. ரெண்டு வாரம்தான்லா."

எழுத்தில் உத்தரவு எதுவும் வரவில்லை. பத்து மணிக்கு ஷாஹ்ருலிடமிருந்து வாட்ஸ்அப்பில் 'துத்துப்' என்று மலாயில் ஒரு சொல் வரும், மூடு என்று. நாலு மணிக்கு 'புக்கா' என்று வரும், திற என்று. உடையப்பன் 'சூடா' என்று பதில் போடுவார், ஆயிற்று என்று. இரண்டு வாரம் இரண்டு வருஷமானது. மழை வந்து ஆறு நிறைந்த பிறகும் அந்தச் சொற்கள் நிற்கவில்லை, குன்றின்மேல் வீடுகள் அதற்குள் இன்னும் பெருகியிருந்தன. வால்வு இருப்பது பெரிய ரோட்டு முச்சந்தியில். அங்கிருந்து லயத்துக்கு ஒரு கட்டை, அதாவது ஒரு மைல் தூரம். அந்த இரண்டு வருஷத்தில் உடையப்பன் ஒரு நாள்கூட உள்ளே போனதில்லை.

இரண்டாவது கூட்டத்தில் வரைவுத் திட்டத்தைத் திரையில் காட்டினார்கள். ஒன்பதாங்கட்டை: இருபத்து நாலு மணி நேர விநியோகம். கசிவு முப்பத்தெட்டு விழுக்காட்டிலிருந்து பதின்மூன்றுக்கு இறங்கியிருக்கிறது. ஆகையால் பைப்பு மாற்றும் வேலை ஒன்பதாவது வருஷத்தில். நல்ல நிர்வாகத்துக்கு எடுத்துக்காட்டு என்று ஷாஹ்ருலின் பெயரைச் சொல்லிப் பாராட்டவும் செய்தார்கள். பகலில் பைப்பில் தண்ணீரே ஓடாததால்தான் கசிவு இறங்கியது என்று அங்கே உடையப்பனுக்கும் ஷாஹ்ருலுக்கும் மட்டும்தான் தெரியும்.

சாந்தினி எழுந்தாள். பகலில் தங்களுக்குச் சொட்டுத் தண்ணீர் வருவதில்லை என்று மலாயில் நிதானமாகச் சொன்னாள். ஓர் அதிகாரி அழுத்தமானியின் வரைபடத்தைக் காட்டினார். கோடு இறங்கவே இல்லை. அந்த மானி வால்வுக்கு இந்தப் பக்கம், தண்ணீர் வரும் பக்கம் இருக்கிறது. லயத்துப் பக்கம் என்ன நடந்தாலும் அதற்குத் தெரியாது. உங்கள் கட்டடத்துப் பைப்பு துருப்பிடித்து அடைத்திருக்கலாம் என்றார் அவர். பின்னால் யாரோ சிரித்தார்கள். சாந்தினி உட்கார்ந்து பக்கத்திலிருந்த உடையப்பனிடம் தாழ்ந்த குரலில் கேட்டாள்:

"அண்ணே, நீங்க லைன்ல வேல செய்றவங்க. உங்களுக்குத் தெரியாதா?"

அவர் முன்னாலிருந்த தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திருகித் திறந்து, மறுபடி மூடினார். பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து மனைவி முத்தம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் ஒரு கிளினிக்கில் துப்புரவு வேலை பார்க்கிறாள். நேர் வெட்டாகப் பேசுகிறவள்.

"நீங்க சொல்லலன்னா அந்தப் பொண்ணு பொய் சொன்னவளா ஆயிரும். சொன்னா நாலு வருஷத்துல வர்ற பென்ஷன் போனாலும் போயிரும். எது நல்லதுன்னு எனக்குச் சொல்லத் தெரியல," என்றாள்.

இரண்டு நாள் கழித்து, பத்து மணிக்கு வால்வை மூடிவிட்டு, மோட்டார் சைக்கிளை ஈப்போ பக்கம் திருப்பாமல் லயத்துப் பக்கம் திருப்பினார். ஆயாக்கொட்டகை வாசலில் பதினோரு வாளிகள் வரிசையாக நின்றன. ஒரு பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு. சாந்தினி ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் சிரட்டைக் கரண்டியுமாக டிரம்மிலிருந்து அளந்து அளந்து தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள். கழிவறையில் தண்ணீர் இல்லை, முப்பது நாளில் சரிசெய்யாவிட்டால் கொட்டகையை மூட வேண்டும் என்று சுகாதார அதிகாரி கெடு கொடுத்துக் கதவில் ஒட்டியிருந்த தாள் காற்றில் படபடத்தது. அதில் பன்னிரண்டு நாள் ஓடிவிட்டது.

உடையப்பனின் சட்டையிலிருந்த முகமைச் சின்னத்தைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. கூட்டத்தில் சொன்னதற்குப் பலன் இருக்கிறது, ஆள் அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். குழாயைத் திறந்து காட்டினாள். காற்று மட்டும் சீறியது. சுவரை உடைத்துப் பார்க்க வேண்டுமானாலும் உடைத்துக்கொள்ளச் சொன்னாள். அவர் மண்டியிட்டு, பையிலிருந்த ஸ்பேனரால் பைப்பை இரண்டு மூன்று இடத்தில் தட்டி, காதை வைத்துக் கேட்பதுபோலப் பாவனை செய்தார். அவள் கொடுத்த தேநீரையும் குடித்தார். அது டிரம்மில் அளந்து வைத்த தண்ணீர் என்பது வெளியே வந்த பிறகுதான் உறைத்தது.

மறுநாள் ஷாஹ்ருலைத் தனியாகப் பிடித்து, கொட்டகைப் பிள்ளைகளின் நிலையைச் சொல்லி, வால்வைத் திறந்துவிடலாமா என்று கேட்டார். ஷாஹ்ருல் கோபப்படவில்லை. அந்த வால்வைத் திறந்தால் குன்றின்மேல் தொள்ளாயிரம் வீடு காயும், இருக்கிற தண்ணீரே அவ்வளவுதான், மேலே எத்தனையோ தடவை வாயால் சொல்லியாயிற்று, எழுத்தில் கேட்டால் யாரும் பதில் போடுவதில்லை என்றான். சொல்லிவிட்டுக் கொஞ்சம் தயங்கினான்.

"அந்த மெசேஜ் எல்லாம் அழிச்சிருங்கண்ணே. ரெண்டு பேருக்கும் நல்லது."

மூன்றாவது கூட்டத்தன்று உடையப்பனுக்கு ஸ்டோரில் சரக்கு எண்ணும் வேலை போட்டிருந்தார்கள். மத்தியானம் நஸ்ரியாவே போன் செய்து, ஏன் வரவில்லை என்று விசாரித்தாள். வேலை என்றார். அடுத்தது கடைசிக் கூட்டம், அதற்குப் பிறகு எதையும் மாற்ற முடியாது என்றாள் அவள். களத்து ஆள்கள் வாயைத் திறக்காவிட்டால் தான் எழுதுவது வெறும் தாள்தான் என்றும் சொன்னாள். அவளுக்கு ஏதாவது தெரிந்திருந்ததா, பொதுவாகச் சொன்னாளா என்று உடையப்பன் போனை வைத்த பிறகும் யோசித்துக்கொண்டே இருந்தார். ஒரு முறை செய்திகளையெல்லாம் அழிக்கும் இடம்வரை விரலைக் கொண்டுபோய்விட்டு, போனைக் கவிழ்த்து வைத்தார்.

நாலாவது கூட்டத்தன்றும் ஸ்டோர் வேலைதான் போட்டிருந்தார்கள்; அவர் லீவு போட்டுவிட்டுக் கூட்டத்துக்குப் போனார். ஸ்டோரில் இருக்க வேண்டியவர் வாசலில் வருவதைப் பார்த்து ஷாஹ்ருல் பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்தான். இயக்குநர் முன் வரிசையில் இருந்தார். ஒவ்வொரு மேசையும் வரிசையை ஒப்புக்கொண்டு வந்தது. ஒன்பதாங்கட்டை ஒன்பதாவது வருஷத்திலேயே நின்றது. சாந்தினி இந்தத் தடவை குனிந்து கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கெடு முடிய இன்னும் மூன்று நாள். இந்தத் தாளில் இருக்கும் தகவலில் எதுவும் தவறு உண்டா, இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள் என்று நஸ்ரியா கேட்டாள்.

உடையப்பன் எழுந்தார். மலாயில் சொன்னார். ஒன்பதாங்கட்டை லைனை நாள் தவறாமல் காலை பத்து மணிக்கு மூடுகிறவன் நான், நாலு மணிக்குத் திறக்கிறவனும் நான், இரண்டு வருஷமாக. அந்தம்மா சொன்னது பொய் இல்லை.

யார் உத்தரவு என்று இயக்குநர் கேட்டார். உடையப்பன் எந்தப் பெயரையும் சொல்லவில்லை. சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து நஸ்ரியாவின் முன்னால் வைத்தார். அவள் விரலால் தள்ளித் தள்ளிப் படித்தாள். துத்துப், புக்கா, துத்துப், புக்கா. படிக்கப் படிக்க அவள் முகம் இறுகியது. இயக்குநர் பதினைந்து நிமிஷம் இடைவேளை என்று சொல்லி எழுந்துவிட்டார்.

பசியாற வைத்திருந்த பலகாரத்தை யாரும் தொடவில்லை. உடையப்பன் நின்ற ஜன்னலோரத்துக்கு ஒருவரும் வரவில்லை. ஷாஹ்ருல் மட்டும் வந்து பக்கத்தில் நின்றான். திட்டுவான் என்று நினைத்தார்.

"ஒரு வார்த்த என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம்லண்ணே," என்றான்.

"சொன்னேன் தம்பி," என்றார் உடையப்பன். பாஸ் என்று கூப்பிடுகிற வாய், அன்றைக்கு அப்படி வந்துவிட்டது.

இடைவேளை முடிந்ததும் ஷாஹ்ருல் தானே எழுந்து நின்றான். உத்தரவு என்னுடையது என்றான். தன் வட்டாரத்தில் இப்படி மூடும் வால்வு இன்னும் நாலு இருக்கிறது என்றும், ஆற்றிலிருந்து எடுக்கும் தண்ணீர் காகிதத்தில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்றும் சொன்னான். மற்ற வட்டாரங்களில் எத்தனை என்று நஸ்ரியா சுற்றிப் பார்த்துக் கேட்டாள். இன்ஜினியர்கள் மேசையைப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் மூன்று என்றார். இன்னொருவர் ஆறு என்றார். அன்று மாலைக்குள் பதினேழு வந்துவிட்டது. திட்டத்தின் கணக்குகள் எல்லாமே பிழை என்று ஆகிவிட்டது. வாரியத்துக்குப் போக வேண்டிய காகிதக் கட்டு போகவில்லை. ஆறு மாதம் தள்ளிப்போட்டு, எல்லா வட்டாரத்து வால்வுக்காரர்களையும் உட்கார வைத்து முதலிலிருந்து எழுதினார்கள்.

மறுநாளே ஆயாக்கொட்டகைக்குத் தண்ணீர் லாரி போனது, சுகாதார அதிகாரி கெடுவை நீட்டினார். புதிய திட்டத்தில் ஒன்பதாங்கட்டைப் பைப்பு மூன்றாவது வருஷத்துக்கு வந்தது. குன்றுக்குத் தனியாக ஒரு தொட்டி என்றும் எழுதினார்கள். அதுவரை இரண்டு பக்கமும் முறை வைத்து மூடுவது, நேரத்தை முன்கூட்டியே எல்லாருக்கும் அறிவிப்பது என்று முடிவானது. குன்றின்மேல் இருந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. அலுவலக வாசலில் கூடிச் சத்தம் போட்டார்கள், சாந்தினியின் படத்தைப் பேஸ்புக்கில் போட்டு வாய்க்கு வந்தபடி எழுதினார்கள்.

உடையப்பனுக்குக் காரணம் கேட்டுக் கடிதம் வந்தது. எழுத்துபூர்வ உத்தரவு இல்லாமல் வால்வை இயக்கியது குற்றம் என்று இருந்தது. விசாரணை மூன்று மாதம் நடந்தது. முத்தம்மா அந்த மூன்று மாதமும் தபால்காரன் மோட்டார் சத்தம் கேட்டாலே வாசலுக்கு வந்துவிடுவாள். உத்தரவு தன்னுடையது என்று ஷாஹ்ருல் எழுதிக் கொடுத்ததால் பென்ஷன் தப்பியது. கண்டிப்புக் கடிதத்தோடு அவரை ஸ்டோருக்கு மாற்றினார்கள். ஷாஹ்ருலை வரைபடப் பிரிவில் ஒரு மூலை மேசையில் உட்கார வைத்தார்கள். மற்ற வால்வுக்காரர்களுக்கும் கடிதம் போயிருந்தது. அவர்களில் சிலர் இன்றுவரை உடையப்பனோடு பேசுவதில்லை.

சாந்தினியும் ரொம்ப நாள் பேசவில்லை. அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முத்தம்மாவையும் கூட்டிக்கொண்டு ஒன்பதாங்கட்டைக்குப் போனார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டு வந்தவருக்கு வாசலில் அவளைப் பார்த்ததும் ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

"மூடுனதகூட விட்டுரலாம்ணே, மேல சொன்னாங்க, செஞ்சீங்க," என்றாள் அவள். "அன்னிக்கு வந்து முட்டி போட்டுப் பைப்பத் தட்டித் தட்டிப் பாத்தீங்களே. அதத்தான் என்னால மறக்க முடியல."

அவர் தலையை ஆட்டினார். முத்தம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து சாந்தினி அவரையும் உள்ளே வரச் சொன்னாள்.