பாதிரியின் இடப்பக்கம்

என் கணவர் மெர்வின் இந்தப் பிப்ரவரியில் மாரடைப்பில் போனார். இங்கிலாந்தின் எசெக்ஸில் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அவரைப் பற்றிச் சொல்ல ஊரில் இரண்டு விஷயங்கள்தான் உண்டு: வண்டியைத் தாமதமாக எடுத்ததில்லை, கெண்டை பிடிப்பார். பிடித்ததைத் தின்னமாட்டார். எங்கள் பக்கம் யாரும் தின்பதில்லை. ஈர மெத்தையில் கிடத்தி, தூண்டில் முள்ளைக் கழற்றி, மீனைக் கையில் ஏந்தி ஒரு படம் எடுத்துக்கொண்டு நீரிலேயே விட்டுவிடுவார்கள்.

அவர் போன ஏரி பழைய சரளைக் குழி. உறுப்பினர்களுக்கு மட்டுமே அனுமதி. அங்குள்ள பெரிய கெண்டைகளின் உடலில் செதிள் குறைவு. இருக்கும் சிலவும் மீனுக்கு மீன் வேறு இடத்தில் இருக்கும். அதை வைத்து ஆளைப் போல அடையாளம் கண்டு பெயரும் வைத்திருந்தார்கள். எல்லாவற்றிலும் கிழடு, பாதிரி என்ற மீன். இடப்பக்கம் வாலருகே மூன்று பெரிய செதிள்கள், வலப்பக்கம் மொட்டை. மெர்வினும் அவர் நண்பர் டெரெக்கும் பாதிரிக்காகவே மழையிலும் பனியிலும் கரையில் கிடந்தார்கள். ஒருவருக்கு மீன் விழுந்தால் மற்றவர் ஓடிவந்து படமெடுப்பார். பிறகு டெரெக்கின் இடுப்பெலும்பு தேய்ந்து அவரால் கரைவரை நடக்க முடியாமல் போயிற்று. மெர்வின் தனியானார்.

படம் இல்லாத மீனை எந்த மீன்பிடிக்காரனும் நம்பமாட்டான். அதனால் தன்னைத் தானே எடுத்துக்கொள்ள ஒரு கேமரா வேண்டுமென்று, போன வருஷம் மே மாதம் செம்ஸ்போர்டில் பழைய கேமரா விற்கும் கடைக்கு என்னையும் அழைத்துப் போனார். கடைக்காரப் பெண் போலின் ஒவ்வொன்றாக மேசைமேல் வைக்க, அவர் தரைவிரிப்பில் முழங்காலிட்டு, என் கைப்பையை மீனாக ஏந்திச் சோதித்தார். முதல் கேமராவின் திரை திரும்பவே இல்லை; தலை வெட்டுப்படுகிறதா என்று அவரால் பார்க்க முடியாது. அடுத்ததில் திரை கீழ்ப்பக்கமாக மடிந்து, கேமராவைப் பொருத்த அவர் சேற்றில் குத்தும் இரும்புக் கம்பியில் இடிக்கும். இன்னொன்றை இயக்க கைபேசி வேண்டும். மீன் வழுவழுப்புள்ள கையால் கைபேசியைத் தொடமாட்டேன் என்றார்.

"பையை இன்னும் கொஞ்சம் முன்னாடி நீட்டுங்க, பெருசாத் தெரியும்," என்றாள் போலின்.

"பொய் சொல்ற பழக்கம் எனக்கில்லம்மா."

"அப்ப நீங்க மீன் புடிக்கிறவரே இல்ல."

கடைசியாக வந்ததில் திரை பக்கவாட்டில் திறந்து அவரைப் பார்த்தது. கேமராவில் ஒரு காற்றுக்குழாயை மாட்டி, அதன் முனையிலுள்ள ரப்பர்ப் பந்தை முழங்காலால் அழுத்தினால் படம் விழுந்தது. ஒரு இளம்பெண் முகப்பூச்சுக் கலையைக் காட்டிப் படம்பிடிக்க வைத்திருந்த கேமரா அது என்றாள் போலின். அப்படியானால் தன் முகத்துக்கும் ஏதாவது செய்யும் என்று சொல்லி அதையே வாங்கினார்.

பல வாரம் ஒன்றும் சிக்கவில்லை. ஜூன் கடைசியில் ஒரு மாலை, சேறு ஒட்டிய காலோடு சமையலறை வாசலில் வந்து நின்று, "பாதிரி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கிழட்டு மீன், வெப்பமான நாள். அதிக நேரம் வெளியே வைக்க மனமில்லாமல் ஒரே ஒரு படம் எடுத்து விட்டுவிட்டாராம். அதை உடனே டெரெக்குக்கு அனுப்பினார். டெரெக் கூப்பிட்டபோது நானும் பக்கத்தில் இருந்தேன்.

"நல்ல மீன்தான் மெர்வ். ஆனா பாதிரி இல்ல."

"மூணு செதிள் இருக்கு பாரு."

"இருக்கு, வலது பக்கம். பாதிரிக்கு வலது பக்கம் மொட்டைன்னு உனக்குத் தெரியாதா?"

"இடது பக்கத்தைத்தாண்டா காட்டிப் புடிச்சேன்."

"படத்தைப் பாருடா."

பார்த்தார். டெரெக் சொன்னது சரியாக இருந்தது. வலப்பக்கம்தான்.

மற்ற உறுப்பினர்கள் கிண்டலடித்தார்கள். ஏரிக் காவலர் ரஸ்ஸல், வலப்பக்கம் செதிளுள்ள இப்படி ஒரு மீன் இங்கே இல்லையே, வேறு ஏரி மீனை இங்கே கொண்டுவந்து விட்டீர்களா என்று மரியாதையாகக் கேட்டார். அதெல்லாம் மெர்வினைத் தொடவில்லை; அவருடைய பயம் வேறு. அவருடைய அம்மாவுக்கு நினைவு தப்பத் தொடங்கியது இதே வயதில்தான். முதலில் கோட்டின் எந்தக் கையில் எந்தக் கையை நுழைப்பது என்று தடுமாறினாள்.

"என் கையில இருந்ததே தப்பா ஞாபகம் இருக்குன்னா, வேற எதை நம்பறது?" என்றார் என்னிடம்.

கார்ச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார். அடுப்பை அணைத்தோமா என்று படுத்தபின் எழுந்து போய்ப் பார்ப்பார். மருத்துவரிடம் போகலாம் என்றால், சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று தட்டிக்கழிப்பார். ஆகஸ்டில், புத்தி சரியில்லாதவன் தண்ணீரோரம் தனியாக இருக்கக்கூடாது என்று சொல்லி ரஸ்ஸலிடம் உறுப்பினர் இடத்தைத் திருப்பிக் கொடுத்தார். காத்திருந்த அடுத்த ஆள் அதில் சேர்ந்துவிட்டான்.

அக்டோபரில் அந்தக் கேமராவையும் விற்றுவிடச் சொன்னார். அந்த ஒரு படத்தையாவது எனக்கு எடுத்துக் கொடுக்கும்படி போலினிடம் கேட்டேன். அவள் கடையின் பெரிய திரையில் போட்டாள். அதுவரை எல்லாரும் மீனைத்தான் பார்த்திருந்தார்கள். நான் அவரைப் பார்த்தேன். கல்யாண மோதிரம் வலக்கையில் இருந்தது. விரல் மூட்டு வீங்கி, சோப்புப் போட்டாலும் இடக்கையை விட்டுக் கழலாத மோதிரம் அது.

போலின் கேமராவின் அமைப்புகளைத் துழாவிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "கண்ணாடியில தெரியற மாதிரியே படம் பதியணும்னு அந்தப் பொண்ணு மாத்தி வச்சிருக்கா. நான் பார்க்காமக் குடுத்துட்டேன்."

கேமராவை விற்காமல் வீட்டுக்கு வந்தபோது அவர் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார். கூடத்துக்கு இழுத்துவந்து, கேமராவைச் சுவர்க்கண்ணாடிக்கு நேராகப் பிடித்துக் கண்ணாடிக்குள் பார்க்கச் சொன்னேன். கையிலிருந்த கிழங்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. சிரிக்கவில்லை.

"இடது பக்கம்," என்றார். பிறகு மாடிப்படியில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதார்.

டெரெக்கை அழைத்து விஷயத்தைச் சொன்னோம். அது பாதிரிதான் என்று ஒப்புக்கொண்டார். ரஸ்ஸலும் வருத்தம் தெரிவித்தார். ஆனால் கொடுத்த இடத்தைத் திரும்பப் பிடுங்க முடியாது. பெயரைக் காத்திருப்போர் பட்டியலின் கடைசியில் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார். மெர்வின் சரி என்றார். மீண்டும் கார் ஓட்டினார். அவர் முறை வருமுன் பிப்ரவரி வந்துவிட்டது.

இறுதிச் சடங்குக்கு வருவோருக்குக் கொடுக்கும் தாளில் அந்தப் படத்தைச் சரியாகத் திருப்பி அச்சிடக் கொடுத்தேன். டெரெக் இரண்டு தடிகளை ஊன்றிக்கொண்டு வந்தார். தேநீர் கொடுத்த கூடத்தில் ஓரமாக உட்கார்ந்து அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். மெர்வினுக்கு உங்கள்மேல் கோபம் எதுவும் இருக்கவில்லை என்றேன்.

"அது தெரியும்," என்றார். "அவன் மீனைக் கையில வச்சிருந்தான். நான் வெறும் படத்தைப் பார்த்தேன். எதுக்கு என் பேச்சை நம்பினான்?"

சொன்னது நீங்கள் என்பதால்தான். அது வாய்வரை வந்தது. அவர் தட்டில் இன்னொரு சாண்ட்விச்சை வைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனேன்.