அத்தான் சொன்ன வருத்தம்

அந்த வருடம் எங்கள் மாடிக் கட்டடத்தில் நெஞ்சு படபடக்காதவர் என்று ஒருவரும் இல்லை. அதனால்தான் எனக்குப் படபடத்தபோது யாரும் அதை ஒரு வருத்தமாக, ஒரு நோயாக எடுக்கவில்லை. கொழும்பு வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், மூன்றாம் மாடியில் அக்காவும் அத்தானும் நானும் இருந்தோம். எனக்கு இருபத்துமூன்று வயது. கொட்டாஞ்சேனையில் ஒரு பாலர் பள்ளியில் படிப்பித்துக்கொண்டிருந்தேன்.

படியேறும்போதுதான் முதலில் தெரிந்தது. இரண்டாம் மாடி வரும்போது நெஞ்சு தொண்டைக்கு வந்துவிடும். மேலே ஏறுகிறவர்கள் பார்த்துவிடக் கூடாதே என்று குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல நிற்பேன். குனிந்து நிமிர்ந்தால் கண் இருண்டுபோகும். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாலும் காலிக்குப் போகும் அந்தப் பெருவீதி முழுக்கச் சாய்கிற மாதிரி இருக்கும். படுத்தால் தலையணைக்குள் என் நெஞ்சின் சத்தமே எனக்குக் கேட்கும்.

காரணம் சொல்லாத ஆள் இல்லை. வாய்வு என்றார் கீழ்வீட்டு மாமி. காலையில் வெறுவயிற்றோடு ஓடுவதுதான் காரணம் என்றார் அவருடைய கணவர். பிரஷர் குறைந்திருக்கும், நல்ல கடும் கோப்பியாகக் குடிக்கச் சொன்னார் இன்னொருவர். குடித்தேன், அன்று பின்னேரம் வரை குதிரை ஓடியது நெஞ்சுக்குள். நாவூறு என்று அக்கா செத்தல் மிளகாயைச் சுற்றி அடுப்பில் போட, மூன்று பேரும் இருமினோம். காதலாக இருக்கலாம் என்றுகூட ஒரு பேச்சு அடிபட்டது. அப்படி ஒருவன் இருந்திருந்தால் இந்தப் படியெல்லாம் ஏறி இறங்குவதற்கு ஒரு அர்த்தமாவது இருந்திருக்கும்.

கடைசியில் அத்தான் என்னை டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். அந்த நாட்களில் வயதுப் பிள்ளையைத் தனியே எங்கும் விடமாட்டார்கள். வேலைக்குப் போகும்போதும் அத்தான் கோட்டை வரை என்னோடு வந்து, கொட்டாஞ்சேனை பஸ்ஸில் ஏற்றிவிட்டுத்தான் தன்னுடைய கந்தோருக்குப் போவார். அவர் அதிகம் பேசாத மனிதர். அதற்கு முந்திய வருடம் ஆமிக்காரரின் ஒரு சுற்றிவளைப்பில் அவரைப் பிடித்துக்கொண்டு போய் மறுநாள் விட்டார்கள். வந்து குளித்தார், தேத்தண்ணி குடித்தார். என்ன நடந்தது என்று அக்கா கேட்டதற்கு, "ஒண்டுமில்லை, விசாரிச்சவங்கள்" என்றதோடு அந்தக் கதை முடிந்துவிட்டது.

பக்கத்து ஒழுங்கையில் இருந்த டொக்டர் நல்ல மனிதர்தான். ஆனால் வெளியே போட்டிருந்த வாங்கு நிறையக் காத்திருக்கும் ஆட்கள். நான் கதிரையில் இருக்க, அத்தான் பின்னால் நின்றார்.

"என்ன பிள்ளை செய்யுது?" என்று டொக்டர் என்னைத்தான் கேட்டார். பதில் என் தலைக்கு மேலால் போனது.

"நெஞ்சு படபடக்குதாம் டொக்டர். தலை சுத்துதாம். இரவில நித்திரை இல்லை. ஆரும் கதவைத் தட்டினால் திடுக்கிட்டு எழும்புறது. உள்ளங்கையெல்லாம் வேர்க்குது. சாப்பாடு தொண்டையால இறங்குதில்லை."

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. முதல் இரண்டும் என்னுடையவை. மற்றதெல்லாம் எங்கிருந்து வந்தன? நான் கண்ணயர்ந்தால் விடியும்வரை அசையாத ஆள். டொக்டர் கவனமாகப் பார்க்கட்டும் என்று மனிதர் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறார் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

டொக்டர் நாடி பிடித்தார், குழாய் வைத்துப் பார்த்தார், பிரஷர் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மாதச் சுகவீனம் எல்லாம் ஒழுங்கோ?" என்று கேட்டார்.

அத்தான் உடனே சுவரில் தொங்கிய கலண்டர் பிள்ளையாரை நிமிர்ந்து பார்த்தார். நானும் பிள்ளையாரைப் பார்த்தேன். "ஓம்" என்றேன். வேறு என்ன சொல்வது? ஒழுங்கு என்னவோ ஒழுங்குதான். வந்தால் ஒரு கிழமைக்கு மேல் நிற்கும், துணிக்கு மேல் துணி வைத்தாலும் வகுப்பில் கதிரையை விட்டு எழும்பப் பயமாக இருக்கும். எல்லாப் பெண்களுக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை என்று நினைத்திருந்தாலும் அத்தானை வைத்துக்கொண்டு அதைச் சொல்லியிருக்க மாட்டேன்.

"பயம்தான்" என்றார் டொக்டர். "இந்த நாளில ஆருக்குத்தான் இல்லை?" நரம்புக்கு என்று குளிசை எழுதித் தந்தார்.

அந்தக் குளிசை போட்டால் நித்திரைதான் வந்தது. பிள்ளைகள் களிமண்ணில் பாம்பு உருட்டிக்கொண்டிருக்க, நான் மேசையில் சரிந்துவிடுவேன். ஆனால் அதைவிடப் பெரிய கரைச்சல் வீட்டில் தொடங்கியது. பயந்த பிள்ளை கொழும்புக்குச் சரிவராது என்று முடிவாகிவிட்டது. கனடாவில் இருந்த அண்ணாவோடு டெலிபோனில் கதைத்தார்கள். அனுப்பிவிடுங்கோ, இங்கே ஒரு மாப்பிள்ளையும் பார்க்கலாம் என்று அவர் சொன்னாராம். அத்தான் இந்த விஷயத்தில் மட்டும் வாய் ஓயாமல் கதைத்தார்.

"இஞ்ச இருந்து என்ன செய்யப்போறாய்? போனால் நிம்மதியா நித்திரை கொள்ளலாம்."

"நான் இஞ்சயும் நல்லாத்தான் நித்திரை கொள்ளுறன், அத்தான்."

"அது குளிசையால."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கொட்டாஞ்சேனையில் இருபது பிஞ்சுகள் என்னை "டீச்சர்" என்று கூப்பிட்டன. தமிழ்ப் பிள்ளை, சிங்களப் பிள்ளை, முஸ்லிம் பிள்ளை எல்லாம் ஒரே குழாயடியில் கை கழுவி ஒன்றையொன்று நனைக்கும். என் வாழ்க்கையில் நானாகத் தேடிக்கொண்ட முதல் இடம் அது. அதை விட்டுப் போக எனக்குத் துளியும் விருப்பமில்லை. நான் பயந்தவள் இல்லை என்று சொல்லச் சொல்ல நெஞ்சு இன்னும் கூடப் படபடத்து, அக்காவின் பக்கத்துக்கே சாட்சி சொன்னது. என் உடம்பே எனக்கு எதிராக நின்றதுதான் பெரிய துக்கம்.

வீட்டுக்குள் இருக்க முடியாமல் குசினிக்கும் பல்கணிக்கும் நடப்பேன். நடக்கிற நேரமெல்லாம் வாயில் பச்சை அரிசி. ஏனென்று தெரியாது, அரிசிப் பேணிக்குப் பக்கத்தால் போனால் ஒரு பிடி அள்ளி நறுக்கு நறுக்கென்று மென்றால்தான் ஆறுதல்.

"பச்சை அரிசி திண்டால் கலியாணத்தண்டைக்கு மழை பெய்யும்" என்பாள் அக்கா.

"பெய்யட்டும். மாப்பிள்ளை நனையட்டும்."

அண்ணா பயணத்துக்கு ஒழுங்குபண்ணிக்கொண்டிருந்த நாட்களில்தான் பள்ளிக்கூடத்தில் விழுந்தேன். குழாயடியில் ஒரு பிள்ளையின் சட்டையைப் பிழிந்துவிட்டு நிமிர்ந்தது ஞாபகம். பிறகு என்னைச் சுற்றி இருபது முகங்கள். எங்கள் தலைமை ஆசிரியை என்னைக் கைத்தாங்கலாகப் பக்கத்துத் தெருவில் இருந்த லேடி டொக்டரிடம் கொண்டுபோய் விட்டுவிட்டு, பிள்ளைகளிடம் ஓடினார். அதுதான் என் வாழ்க்கையில் நான் தனியாக ஒரு டொக்டருக்கு முன்னால் இருந்த முதல் தடவை.

அவர் கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த அம்மா, சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். என் கீழிமையை இழுத்துப் பார்த்தார். உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார்.

"பீரியட்ஸ் எத்தனை நாள் நிக்குது? துணி நிறைய மாத்துறீங்களா?"

அறையில் வேறு யாரும் இல்லை. சொன்னேன். தொடங்கியதும் நிறுத்த முடியவில்லை, எல்லாவற்றையும் சொன்னேன்.

"பச்சை அரிசி, ஐஸ், சோக்கட்டி... ஏதாவது தின்ன ஆசை வருதா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் குசினி அரிசிப் பேணி இவருக்கு எப்படித் தெரியும்?

"உங்களுக்குப் பயமில்ல, மகள். ரத்தமில்ல" என்றார். "ரத்தம் காணாட்டி இருக்கிறதை வைச்சு நெஞ்சு ஓடித்தானே ஆகணும்? ரத்தத்தை டெஸ்ட் பண்ணிப் பார்ப்போம்."

சோதித்ததில் அவர் சொன்னது சரியாகவே இருந்தது. ரத்தம் அதிகம் போவதைக் குறைக்க ஒரு மருந்து, இரும்புக் குளிசை. அதைத் தேசிக்காய்ப் புளி பிழிந்த தண்ணியோடு போட வேண்டும், பக்கத்தில் தேத்தண்ணியும் கோப்பியும் வரக் கூடாது. பழைய குளிசையை அவர் சொன்னபடி குறைத்து நிறுத்தினேன்.

அக்காவிடம் சொன்னபோது அவள் அழுதாள். "எனக்காவது சொல்லியிருக்கலாமேயடி" என்றாள். மறுநாளே ஈரல் வந்தது. முருங்கையிலை வந்தது. தட்டைப் பார்த்தாலே ஓடவேண்டும்போல இருந்தது, ஆனாலும் தின்றேன். கிழமைகள் போகப் போக இரண்டாம் மாடியில் செருப்பு வாருக்கு வேலை இல்லாமல் போனது. அரிசிப் பேணியையும் மறந்துவிட்டேன். கனடாப் பயணம் தள்ளிவைக்கப்பட்டது. எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள், அத்தான் மட்டும் ஏனோ முகம் வாடித் திரிந்தார். செலவழித்ததை நினைக்கிறாராக்கும் என்று நான் நினைத்தேன்.

ஒரு காலை, பம்பலப்பிட்டியைத் தாண்டியதும் பஸ்ஸை மறித்தார்கள். "ஒக்கோம பஹின்ன" என்று ஆமிக்காரன் தட்ட, எல்லாரும் இறங்கி அடையாள அட்டையோடு வரிசையில் நின்றோம். என் நெஞ்சும் அடித்தது. ஆனால் இது வேறு அடி. தலை சுற்றவில்லை, கண் இருளவில்லை. ஓ, பயம் என்பது இதுதானா என்று நினைத்துக்கொண்டு பக்கத்தில் நின்ற அத்தானைப் பார்த்தேன்.

அவர் உள்ளங்கையைக் காற்சட்டையில் துடைத்தார். துடைத்த கை உடனே மறுபடி நனைந்தது. தொண்டை ஏறி இறங்கியது, ஆனால் விழுங்க முடியவில்லை. "கொஹேத யன்னே?", எங்கே போகிறாய் என்று ஆமிக்காரன் கேட்டதற்கு வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. நான்தான் எனக்குத் தெரிந்த சிங்களத்தில், கந்தோருக்குப் போகிறார், நானும் வேலைக்கு என்று சொன்னேன்.

மறுபடி பஸ்ஸில் ஏறி இருந்தபோதுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. நித்திரை இல்லை. கதவைத் தட்டினால் திடுக்கிடுகிறது. உள்ளங்கை வேர்க்கிறது. அன்று டொக்டருக்கு அவர் கூட்டிச் சொல்லவில்லை. தன்னுடைய வருத்தத்தைச் சொல்ல அந்த மனிதருக்கு என் கதிரைக்குப் பின்னால்தான் இடம் கிடைத்திருக்கிறது. மருந்தை நான் விழுங்கியிருக்கிறேன்.

எனக்கு அவர்மேல் கோபமும் வந்தது, நெஞ்சு நிறையப் பாவமும் வந்தது. கோட்டையில் இறங்கும்போது சொன்னேன்.

"அத்தான், இண்டைக்குப் பின்னேரம் டொக்டரிட்ட போவம்."

"ஏன்? உனக்குத் திரும்பவும் ஏதும் செய்யுதோ?"

"எனக்கில்லை."

கொட்டாஞ்சேனை பஸ் வந்தது, வழக்கம்போல என்னை ஏற்றிவிட்டார். வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். பின்னேரம் எனக்கு முன்னால் வந்து பக்கத்து ஒழுங்கை டொக்டர் வீட்டுப் படலையடியில் நின்றார்.

எங்கள் முறை வந்ததும் டொக்டர் என்னைத்தான் கூப்பிட்டார். "நான் இல்லை டொக்டர், அவர்தான். அவர் தனியக் கதைக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வெளியே வாங்கில் இருந்தேன். கதவு சாத்தப்பட்டது. நேரம் போனது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டிருந்த ஒருவர், உள்ளே என்ன கதைப் பிரசங்கமோ என்று முணுமுணுத்தார். சீமெந்துத் தரையைப் பார்த்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் நேரம் எடுக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

வெளியே வந்தவரின் கண் சிவந்திருந்தது. ஒழுங்கை முனைக்கு வந்ததும் நின்றார்.

"உன்னை அனுப்பவேணும் எண்டு நிண்டது..." என்று தொடங்கி நிறுத்தினார். பிறகு, "போகவேணும்போல இருந்தது எனக்குத்தான், பிள்ளை" என்றார்.

அடுத்த வருடம் அக்காவும் அத்தானும் கனடாவுக்குப் போனார்கள். நான் தலைமை ஆசிரியையின் வீட்டில் ஓர் அறை எடுத்து, கொட்டாஞ்சேனைக்கு மாறுவதாக இருந்தது. விமான நிலையத்துக்குப் போகும் வான் ஒழுங்கையை விட்டுத் திரும்பும்வரை நின்று கையைக் காட்டினேன். அத்தான் கண்ணாடிக்குள்ளால், மேலே போ, தனியே ரோட்டில் நிற்காதே என்று கை காட்டினார்.

மூன்று மாடியையும் ஒரே மூச்சில் ஏறினேன். கதவடியில் வந்ததும் நெஞ்சு அடிக்கத் தொடங்கியது. பழக்கதோஷத்தில் மணிக்கட்டில் விரலை வைத்தேன். வேகமாகத்தான் இருந்தது. ரத்தம் குறைந்த துடிப்பு எப்படி இருக்கும் என்றும், பயந்த துடிப்பு எப்படி இருக்கும் என்றும் எனக்கு இப்போது தெரியும். இது இரண்டும் இல்லை. மேல்படியிலேயே இருந்து, யாரும் காரணம் கேட்காத அந்த வீட்டு வாசலில் அழுதேன்.