நூறு எண்ணாமல்

டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் ஒன்றரை வருடம் தங்கினேன். அதற்கு முன் எங்கும் ஆறு மாதத்தைத் தாண்டியதில்லை. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். ஹட்டனில் மூட்டை தூக்கினேன், றொசல்லயில் ரயில் பாதைக்குக் கல் உடைத்தேன். இங்கே என்னைத் தங்க வைத்தவர் ஒரு பேராசிரியர். பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிப்பித்தவர், யாழ்ப்பாணத்துக்காரர். எழுபதுகளின் கடைசி அது.

வெள்ளைக்காரர் காலத்தில் ஃபெக்டரிக்கு மின்சாரம் கொடுத்த தண்ணீர் மிசின் ஒன்று ஓடைப் பள்ளத்தில் துருப்பிடித்துக் கிடந்தது. அதைத் திருத்தி தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு விளக்குப் போடத் தோட்டத்துத் துரையிடம் அனுமதி வாங்கியிருந்தார். விடுமுறைகளில் பஸ்ஸில் வருவார். எங்களோடு சாக்கில் உட்கார்ந்து ரொட்டி தின்பார். மலைமேல் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயின் அடியில், தண்ணீரைத் திறந்து மூட ஒரு சக்கரம் இருந்தது. அதை என் பொறுப்பில் விட்டார்.

முதல் நாள் நான் அதை மடமடவென்று சுற்றப் போக, கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன காணும், உமக்கு பஸ் வெளிக்கிடப் போகுதோ? ஆறுதலா மூடும். நூறு எண்ணும்."

"எனக்கு நூறு வரைக்கும் தெரியும்னு யாருங்க சொன்னா?"

"தெரியாட்டி ஐம்பதை ரெண்டு தரம் எண்ணும்."

பிறகு சிகரெட் பெட்டி அட்டையில் படம் போட்டுக் காட்டினார். ஓடி வரும் தண்ணீரைத் திடீரென மறித்தால் அந்த வேகம் முழுவதும் குழாயை அடிக்கும். பழைய குழாய் தாங்காது. அதுவரை எனக்கு யாரும் காரணம் சொல்லி வேலை தந்ததில்லை. செய்டா என்பார்கள், செய்வேன்.

மிசினைத் திருத்தி, லயங்களுக்குக் கம்பியும் இழுத்தாயிற்று. சனிக்கிழமை அவர் வந்து விளக்கை ஏற்றுவதாக இருந்தது. நான் ஒரு வாரமாக மிசினை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வியாழன் காலை கிளாக்கர் ஐயா தந்தியோடு ஓடி வந்தார்.

"ஐயா போயிட்டாருப்பா. வகுப்புல நின்னுக்கிட்டு இருந்தவரு, நெஞ்சப் புடிச்சுக்கிட்டு விழுந்துட்டாராம்."

அதற்குள் கொழுந்து எடுத்தவர்கள் கூடைகளோடு இறங்கி வந்துவிட்டார்கள். கங்காணி என்னைப் பார்த்துக் கத்தினார்.

"எழவு விழுந்திருக்கு, மிசின ஓட விட்டுட்டு நிக்கிறியேடா! நிப்பாட்டு!"

எங்கள் வழக்கம் அது. சாவு என்றால் லயத்தில் றேடியோ, தையல் மிசின், ஆட்டுக்கல் எல்லாம் நிற்க வேண்டும். நான் சக்கரத்தைப் பிடித்துச் சுற்றினேன். பத்துக்கூட எண்ணவில்லை. எண்ண வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை.

பாறைக்கு வெடி வைத்தது போல் ஒரு சத்தம். குழாய் எழும்பி விழுந்தது. மூட்டுப் பிளந்து பாய்ந்த தண்ணீர் கொட்டகைச் சுவரைச் சாய்த்து, மிசினைச் சேற்றில் புரட்டிப் போட்டது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"பாத்தீங்களா," என்று கூடையை இறக்கி வைத்துக் கும்பிட்டாள் ஒருத்தி. "ஐயா போன அன்னிக்கே மிசினும் நெஞ்சு வெடிச்சுப் போயிருச்சு."

பொழுது சாய்வதற்குள் தோட்டம் முழுக்க அதுதான் பேச்சு.

மாதம் ஒன்று கழித்து அவருடைய மாணவர்கள் இருவர் வந்து சேற்றைக் கிளறிப் பார்த்தார்கள். எப்படி மூடினீர்கள் என்று ஒருவர் கேட்டார்.

"மெதுவாத்தாங்க," என்றேன்.

கொப்பியில் எழுதிக்கொண்டார். திரும்பி நடக்கையில் மற்றவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"சேர் குழாயை வடிவாப் பார்க்கேல்லைப் போல."

பிழை ஐயாவுடையதல்ல என்று கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். பஸ் வரும் வரை அவர்கள் சந்தியில்தான் நின்றார்கள். நான் போகவில்லை. அடுத்த கிழமை தோட்டத்தை விட்டேன்.

சில வருடங்கள் கழித்து அந்த வழியாகப் போனபோது லயத்தில் தேத்தண்ணி கேட்டுக் குடித்தேன். கொடுத்தவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. ஐயாவோடு செத்த மிசின் கதையை எனக்கே சொன்னாள். அவள் தலைக்கு மேல் விளக்குக்கு இழுத்த கம்பியில் துணி காய்ந்துகொண்டிருந்தது.